பாக்கெட்டே இல்லாதவரின் பாக்கெட் வாட்ச்!

உங்க பாட்டி இடுப்பைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்க. ஒரு சுருக்குப்பை செருகியிருக்கும். வெத்தலை, சில்லறை, சாவி எல்லாம் அதுக்குள்ளதான். ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டுற 'கில்ட்' உடையிலும் பாக்கெட் கிடையாது. அதனால 'ஸ்போரன்' என்ற தோல்பையை இடுப்புக்கு முன்னால் தொங்க விடுவார்கள். உடையில் பாக்கெட் இல்லையென்றால், ஊர் எதுவானாலும் இடுப்புதான் பாக்கெட்!

அப்படி இடுப்பில் தொங்கிய பொருள்களில் உலகமே பார்த்தது, காந்தியின் வாட்ச். அவர் படங்களை இன்னொரு முறை உற்றுப் பாருங்க, வேட்டியோரம் அது தெரியும். அந்த வாட்ச்சைப் பின்தொடர்ந்தால் அவருடைய மொத்த வாழ்க்கையும் கிடைக்கும். அந்தக் கதையின் முக்கியமான திருப்பம், நம்ம மதுரை மேலமாசி வீதியில்!

தங்கச் சங்கிலி காலம்

1869-ல் போர்பந்தரில் பிறந்த காந்தி, 1888-ல் சட்டம் படிக்க லண்டன் போனார். அப்போது அவர் செம ஸ்டைலிஷ் பையன். பாண்ட் ஸ்ட்ரீட்டில் 10 பவுண்டுக்கு சூட், 19 ஷில்லிங்குக்குத் தொப்பி. வாட்ச்சில் மாட்ட இரட்டை வடத் தங்கச் சங்கிலி வேண்டுமென்று அண்ணனுக்கு எழுதி வரவழைத்தார். தினமும் 10 நிமிஷம் கண்ணாடி முன்னால் நின்று டை சரி செய்வார். டான்ஸ் கிளாஸ், வயலின் கிளாஸ் வேறு!

சில மாதங்களிலேயே அந்த மோகம் குறைந்தது. காசு காசாகக் கணக்கெழுதி, பஸ்ஸை விட்டு நடக்கத் தொடங்கினார். 1893-ல் தென்னாப்பிரிக்கா போனவர், அங்கே தன் துணியைத் தானே துவைத்தார், முடியைத் தானே வெட்டிக்கொண்டார், செருப்புத் தைக்கவும் கற்றுக்கொண்டார். தன்னைச் சிறையில் வைத்த ஜெனரல் ஸ்மட்ஸுக்கே ஒரு ஜோடி செருப்பு செய்து கொடுத்தார்.

மாடியில் எடுத்த முடிவு

1921 செப்டம்பர். சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வருகிறார் காந்தி. பெட்டியில் இருந்தவர்களிடம் கதர் கட்டச் சொல்கிறார். கதர் வாங்கும் அளவுக்கு எங்களிடம் காசில்லை என்கிறார்கள். அப்போது அவர் உடம்பில் சட்டை, தொப்பி, முழு வேட்டி எல்லாம் இருந்தன. அந்தப் பதில் அவரைத் தூங்க விடவில்லை. மேலமாசி வீதி வீட்டு மாடியில் தங்கியவர், செப்டம்பர் 22 காலையில் இறங்கி வந்தபோது முழங்காலோடு நிற்கும் ஒற்றைத் துணியில் இருந்தார். அந்தக் கோலத்தில் அவர் முதலில் பேசிய இடத்துக்கு இன்றும் 'காந்தி பொட்டல்'னுதான் பேரு.

இதில் ஒரு சுவாரஸ்யம். அந்த உடைக்கு முதலில் அவர் வைத்த கெடு அக்டோபர் 31 வரைதான். நீங்க எடுக்கிற 40 நாள் சேலஞ்ச் மாதிரி! அது 26 வருஷத்தையும் தாண்டி, கடைசி நாள் வரை நீண்டது. 1931-ல் பக்கிங்ஹாம் அரண்மனையில் மன்னரைப் பார்க்கப் போனபோதும் அதே வேட்டி, மேலே ஒரு சால்வை. அவ்வளவுதான்.

சட்டை போனதும் பாக்கெட்டும் போச்சு. ஆனால் வாட்ச் போகவில்லை! தங்கச் சங்கிலியில் ஆடிய வாட்ச், இப்போது இடுப்புக்கு இறங்கியது.

ரிப்பேர் செய்ய முடியுமா?

எந்திரத்தை எதிர்த்தவருக்கு எதுக்கு வாட்ச் என்று கேட்பீங்க. அவர் எல்லா எந்திரத்தையும் எதிர்த்தவர் இல்லை. தையல் மெஷினைப் பாராட்டியிருக்கிறார். மனுஷனை வேலையிலிருந்து துரத்துகிற எந்திரம்தான் அவருக்கு ஆகாது.

1929-ல் அவருடைய அகில இந்திய நூற்போர் சங்கம், மேம்பட்ட ராட்டை செய்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. நிபந்தனைகளைப் பாருங்க: விலை 150 ரூபாயைத் தாண்டக் கூடாது, பெரிய பழுதில்லாமல் 20 வருஷம் ஓட வேண்டும். ரெண்டு வருஷத்தில் பேட்டரி போய், திறக்கவே முடியாத போனை வைத்திருக்கும் நமக்கு இது புரியும்! அந்தப் பரிசை யாரும் ஜெயிக்கவில்லை. ஆனால் எரவாடா சிறை நாள்களில், மடித்தால் சூட்கேஸ் போலக் கையில் தூக்கிப் போகும் பெட்டி ராட்டை உருவானது. நம்ம லேப்டாப்புக்கு அது அண்ணன்!

1947-ல் கான்பூர் ரயில் நிலையத்தில், இந்திரா தந்த ஜெனித் வாட்ச்சை யாரோ அடித்துவிட்டார்கள். தங்கம் திருடுபோயிருந்தால்கூடக் கவலைப்பட்டிருக்க மாட்டார், வாட்ச் போனது மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. சில மாதம் கழித்து, திருடியவரே டெல்லிக்கு வந்து திருப்பிக் கொடுத்து மன்னிப்பு கேட்டார். காந்தி அவரைக் கட்டிக்கொண்டார்.

கடைசி 10 நிமிஷம்

1948 ஜனவரி 30. மாலை 5 மணிக்குப் பிரார்த்தனை. பட்டேலுடன் பேச்சு நீண்டுகொண்டே போனது. குறுக்கிட முடியாத ஆபா, வாட்ச்சை எடுத்துக் காட்டித்தான் ஞாபகப்படுத்தினார். 10 நிமிஷத்துக்கும் மேல் லேட். அந்தத் தாமதமே பிடிக்காமல் புல்வெளியில் வேகமாக நடந்தார். 5:17-க்கு மூன்று குண்டுகள்.

2009-ல் நியூயார்க்கில் அவருடைய ஜெனித் வாட்ச், கண்ணாடி, செருப்பு, கிண்ணம், தட்டு எல்லாம் சேர்ந்து 18 லட்சம் டாலருக்கு ஏலம் போயின. ஆனால் விலையே போட முடியாத ஒன்று மதுரையில் இருக்கிறது. ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959-ல் திறந்த காந்தி அருங்காட்சியகத்தில், அன்று அவர் உடம்பில் இருந்த ரத்தக்கறை படிந்த துணியைப் பார்க்கலாம். மேலமாசி வீதியில் அவர் கட்டத் தொடங்கிய எளிய துணி, கடைசியில் இந்த ஊருக்கே திரும்பி வந்திருக்கிறது.

அடுத்த முறை தமுக்கம் பக்கம் போனால் உள்ளே ஒரு எட்டு போய்ப் பாருங்க. அதுவரை போன் பாக்கெட்டிலேயே இருக்கட்டும்!