டேட்டா சென்டர் கேட்கும் கரன்ட்... அந்தக் காலத்திலேயே கணக்குப் போட்ட சர் சி.பி. யார் இவர்?

ஆழ்வார்பேட்டை சி.பி. ராமசாமி சாலையில் டிராஃபிக்கில் மாட்டாத சென்னைவாசி குறைவு. ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டால், பலருக்கும் சட்டென்று பதில் வராது.

ஓ.எம்.ஆர். பக்கம் வரும் டேட்டா சென்டர்கள் இன்று ஒரு சிறு நகரத்துக்குத் தேவையான மின்சாரத்தைத் தனியாகக் கேட்கின்றன. இங்கேதான் ஒரு பழைய சிக்கல் எழுகிறது. ஆலை வரும் என்று நம்பி முதலில் லைன் இழுப்பதா? லைன் வந்தால்தான் ஆலை போடுவோம் என்பவர்களுக்காகக் காத்திருப்பதா? யாரும் வரவில்லை என்றால் போட்ட பணம் அவ்வளவுதான்! 1920-களில் மெட்ராஸ் மாகாண அரசில் இதே கேள்வியைச் சந்தித்தவர் சர் சி.பி. ராமசாமி ஐயர்.

1879 நவம்பர் 12-ல் வந்தவாசியில் பிறந்தார். பிரசிடென்சி கல்லூரியில் படித்து, மெட்ராஸ் ஹைகோர்ட்டின் முன்னணி வக்கீல் ஆனார். ஜே.கிருஷ்ணமூர்த்தி யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்கில், அடையாறு அன்னி பெசன்ட்டுக்கு எதிராக, பையனின் அப்பா தரப்பில் வாதாடியவர் இவர்தான். பிறகு அதே பெசன்ட்டின் ஹோம் ரூல் இயக்கத்திலும் சேர்ந்தார். இரண்டையும் ஒரே ஆள் செய்தது கொஞ்சம் ஆச்சரியம்தான்.

1923 முதல் 1928 வரை கவர்னரின் நிர்வாகக் குழுவில் சட்ட உறுப்பினராக இருந்தார். மேட்டூர் அணைக்கு வழிவிட்ட 1924 காவிரி ஒப்பந்தம் அந்தக் காலத்தில்தான் வந்தது. நீலகிரியின் பைக்காரா நீர்மின் திட்டத்துக்காகவும் அவர் விடாமல் நின்றார். மலை உச்சியிலிருந்து மூவாயிரம் அடிக்கு மேல் தண்ணீரைக் கீழே இறக்கி டர்பைனைச் சுற்ற வைக்கும் திட்டம் அது. மின்சாரம் தயாராகும் இடமோ காடு. வாங்க ஆள் வேண்டுமே? கோவையில் பஞ்சாலைகள் இருந்தன. 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் அங்கே போய்ச் சேர்ந்தபோது, சி.பி. அந்தப் பதவியில் இல்லை. ஆனால் அதன் பிறகு கோவையில் ஆலைகள் மளமளவென்று பெருகின, கிணறுகளில் மோட்டார் பம்புகளும் ஓடத் தொடங்கின.

1936-ல் திருவிதாங்கூர் திவான் ஆனார். அங்கே மூணாறு அருகே பள்ளிவாசல் நீர்மின் நிலையம். வேலைகள் அவர் பதவிக்கு வரும் முன்பே ஆரம்பித்திருந்தாலும், 1940-ல் மின்சாரம் வந்தது இவர் காலத்தில். 1943-ல் ஆலுவாவில் அலுமினிய உருக்காலை ஓடத் தொடங்கியது. பக்கத்தில் பாக்சைட் சுரங்கம் கிடையாது. அப்புறம் ஏன் அங்கே? பள்ளிவாசல் கரன்ட்தான் காரணம்.

ஒரு கிலோ அலுமினியத்துக்குச் சுமார் 14 யூனிட் மின்சாரம் வேண்டும். அதுவும் விட்டு விட்டு வந்தால் ஆகாது. பஞ்சாலையில் கரன்ட் போனால் தறியும் கதிரும் நிற்கும், வந்ததும் மறுபடி ஓட்டலாம். உருக்காலையில் சில மணி நேரம் போனாலே தொட்டியில் உலோகம் உறைந்து கட்டியாகிவிடும். டேட்டா சென்டரும் இந்த ரகம்தான். 24 மணி நேரமும், இரவு பகல் வித்தியாசமில்லாமல் இழுக்கும். அதனால்தான் இவற்றுக்கு நம்ம தெரு டிரான்ஸ்ஃபார்மர் போதாது. 110 கேவி, 230 கேவி லைன், தனி துணை மின்நிலையம், ஒன்று போனால் இன்னொன்று என்று இரண்டு வழி இணைப்பு எல்லாம் தேவைப்படுகிறது.

மின்சாரத்தைக் கொண்டு மட்டும் இவரை எடை போட முடியாது. 1936-ல் கோயில் நுழைவுப் பிரகடனம் இவர் திவானாக இருந்தபோது வந்தது. 1946-ல் புன்னப்ரா-வயலாரில் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும் இவர் ஆட்சியில்தான். திருவிதாங்கூர் தனி நாடாக இருக்கும் என்று அறிவித்தது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. 1947 ஜூலை 25-ல் திருவனந்தபுரத்தில் இசை நிகழ்ச்சி ஒன்றில் அவர் வெட்டப்பட்டார். உயிர் தப்பினார். சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது, ஆகஸ்டில் பதவியை விட்டு விலகினார்.

பிறகு அண்ணாமலை, பனாரஸ் பல்கலைக்கழகங்களில் துணைவேந்தராக இருந்தார். 1966 செப்டம்பர் 26-ல் லண்டனில் காலமானார். எல்டாம்ஸ் ரோட்டில் அவர் வாழ்ந்த தி க்ரோவ் வளாகத்தில் இப்போது அவர் பெயரிலான அறக்கட்டளை இயங்குகிறது.