குக்கர் மூடியின் மேல் ஒரு சின்ன எடை: டெனிஸ் பாப்பின்



காலை ஏழு மணிக்கு நம் வளாகத்துப் படிக்கட்டில் இறங்கி வந்தால், எந்த வீட்டில் எத்தனை விசில் என்று எண்ணிக்கொண்டே வரலாம். கொஞ்ச நாளாக அந்தச் சத்தம் குறைந்திருப்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். பல வீடுகளில் எலக்ட்ரிக் பிரஷர் குக்கர் வந்துவிட்டது. சாதம், பருப்பு, கிச்சடி, சூப், தயிர், சில மாடல்களில் கேக்கும்கூட. பொத்தானை அமுக்கிவிட்டு வாக்கிங் போய்விடலாம். விசில் கிடையாது.

ஆனால் விசில் இல்லாததே பலருக்குப் பயம். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லையே, வெடித்துவிட்டால் என்ன செய்வது என்று வயதானவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதே கேள்வியை 1679-க்கு முன்பே தனக்குத்தானே கேட்டுக்கொண்டு அதற்கு ஒரு பதிலையும் கண்டுபிடித்த ஒருவரைப் பற்றித்தான் இந்த இதழில் எழுதுகிறேன். உங்கள் வீட்டுக் குக்கரில் இன்றும் அவருடைய பதில்தான் வேலை செய்கிறது.

அவர் பெயர் டெனிஸ் பாப்பின். பிரான்ஸில் ப்ளுவா நகரத்துக்கு அருகில் 1647 ஆகஸ்ட் 22 அன்று பிறந்தவர். குடும்பம் ஹியூகனோ எனப்படும் புராட்டஸ்டன்ட் பிரிவைச் சேர்ந்தது. கத்தோலிக்க அரசின் கீழ் அவர்களுக்கு ஆண்டுக்கு ஆண்டு நெருக்கடி கூடிக்கொண்டிருந்த காலம். ஆன்ஜே நகரில் மருத்துவம் படித்து 1669-இல் பட்டம் வாங்கினார். ஆனால் மனம் முழுக்க இயந்திரங்களில்தான் இருந்தது. பாரிஸில் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் என்ற பெரிய விஞ்ஞானியிடம் உதவியாளராகச் சேர்ந்தார். ஊசல் கடிகாரத்தைத் தந்தவர்தான் அந்த ஹைகன்ஸ். காற்றை உறிஞ்சி எடுக்கும் பம்பு, வெடிமருந்தைக் கொளுத்தி உருளைக்குள் இருக்கும் பிஸ்டனை நகர்த்தும் சோதனை என்று இருவரும் பல வேலைகள் செய்தார்கள். கணித மேதை லைப்னிட்ஸ் அறிமுகமானதும் அங்கேதான். அந்த நட்பு கடிதங்களாகப் பல ஆண்டுகள் தொடர்ந்தது.

1675-இல் பாப்பின் லண்டனுக்குப் போனார். பள்ளிக்கூடத்தில் பாயில் விதி படித்திருப்பீர்களே, அந்த ராபர்ட் பாயிலிடம் வேலை கிடைத்தது. காற்றின் அழுத்தம் பற்றிய சோதனைகளில் சில ஆண்டுகள் அவருக்குத் துணையாக இருந்தார். காற்றை வெளியே எடுத்தால் என்ன ஆகும் என்று மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது, நீராவியை உள்ளேயே பூட்டி வைத்தால் என்ன ஆகும் என்று பாப்பின் யோசித்தார்.

அந்த யோசனைதான் 1679-இல் ராயல் சொசைட்டியின் முன் ஒரு பாத்திரமாக வந்து நின்றது. அவர் அதற்கு வைத்த பெயர் டைஜஸ்டர், அதாவது செரிக்க வைக்கும் கலம். கனமான உலோக உருளை, திருகாணிகளால் இறுக்கி மூடிய மூடி, கீழே கரி அடுப்பு. அவ்வளவுதான். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், அதற்கு மேல் சூடேறாது. ஆவி வெளியே போக வழியில்லாமல் அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். நம் அடுப்புக் குக்கரில் அது சுமார் 120 டிகிரி வரை போகிறது. எலக்ட்ரிக் குக்கர்கள் பலவற்றில் அழுத்தம் சற்றுக் குறைவு, ஏறக்குறைய 115 டிகிரிதான். புதுக் குக்கரில் கொண்டைக்கடலை இன்னும் ஐந்து நிமிடம் கேட்கிறதே என்று குறைப்படுகிறவர்களுக்குக் காரணம் இதுதான். குக்கரில் கோளாறு ஒன்றும் இல்லை.

பாப்பின் இதைச் செய்தது பணக்காரர் வீட்டு விருந்துக்காக இல்லை. கசாப்புக் கடையில் வீணாகப் போகும் எலும்பை மென்மையாக்கி, அதிலிருந்து சத்தான கஞ்சியும் ஜெல்லியும் எடுத்தால் ஏழைகள் மலிவாகச் சாப்பிடலாமே என்பதுதான் அவர் எண்ணம். எரிபொருளும் மிச்சம். எந்த இறைச்சிக்கு எவ்வளவு கரி, எவ்வளவு நேரம் என்று விடாமல் குறித்து வைத்தார். அழுத்தமானியோ வெப்பமானியோ அந்தப் பாத்திரத்தில் இல்லை. சூடு எவ்வளவு என்று பார்க்க மூடியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது எத்தனை வினாடியில் ஆவியாகிறது என்று ஊசலை ஆடவிட்டு எண்ணினார். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்க்கிறோமே, அதே வித்தைதான். அவர் கணக்கும் சேர்த்து வைத்துக்கொண்டார்.

இனி வெடிக்கும் பயத்துக்கு வருவோம். மூடியைத் திருகி இறுக்கிவிட்டு அடியில் நெருப்பு போட்டால், பாத்திரம் எந்த நிமிடமும் வெடிக்கலாம் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். அதற்கு அவர் செய்தது மிக எளிய காரியம். மூடியில் ஒரு சின்னத் துளை. துளையை அடைக்க ஒரு சின்ன அடைப்பான். அடைப்பானை அழுத்திப் பிடிக்க ஒரு நெம்புகோல், அதன் நுனியில் தொங்கும் எடை. பழைய சந்தைகளில் எடையை முன்னும் பின்னும் நகர்த்தி நிறுப்பார்களே, வெள்ளிக்கோல், அதைப் போல. உள்ளே அழுத்தம் எல்லை மீறினால் ஆவியே அடைப்பானைத் தூக்கி வெளியேறிவிடும், பிறகு எடை தானாக அமர்ந்துகொள்ளும். 1681-இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் இதை விளக்கி எழுதியிருக்கிறார். உலகத்தின் முதல் சேஃப்டி வால்வு என்று பொறியாளர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், பாத்திரத்தைவிட இந்தத் துளைதான் பெரிய கண்டுபிடிப்பு. இது இல்லாமல் பின்னால் வந்த நீராவிக் கொதிகலன் எதையும் ஒருவரும் நம்பிப் பக்கத்தில் நின்றிருக்க முடியாது.

உங்கள் அடுப்புக் குக்கரின் வெயிட் அந்த எடையின் பேரப்பிள்ளை. அது அடைத்துக்கொண்டால் உருகி வழிவிடும் சேஃப்டி வால்வு தனியாக மூடியிலேயே உண்டு. எலக்ட்ரிக் குக்கரில் அழுத்தம் ஏறியதும் கரண்ட் தானாக நின்றுவிடுகிறது. சில மாடல்களில் அடித்தட்டு அழுத்தத்தால் லேசாக வளைவதையே சுவிட்சாகப் பயன்படுத்துகிறார்கள். ஆவி இருக்கும்வரை மூடியைத் திறக்கவிடாமல் ஒரு சிறிய ஊசி மேலே எழுந்து பூட்டிக்கொள்ளும். இவ்வளவு இருந்தும் கடைசிக் காவல் மூடியின் மேல் இருக்கும் ஆவி வால்வுதான், அதாவது பாப்பினின் துளை.

ஆகவே அந்தத் துளையைக் கவனியுங்கள். பருப்பு நுரை காய்ந்து அதில் அடைத்திருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய குக்கரும் பாதுகாப்பில்லை. வாரம் ஒருமுறை வால்வைக் கழற்றிக் கழுவி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத் துளை தெரிகிறதா என்று பாருங்கள். நுரைக்கும் பருப்பு, அரிசி என்றால் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். தொலைந்த வெயிட்டுக்குப் பதிலாக வேறு கம்பெனி வெயிட்டைப் பொருத்துகிற பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. எடை மாறினால் அழுத்தமும் மாறும், தயவுசெய்து வேண்டாம். நம்மைப் போல மாடுலர் கிச்சன் உள்ளவர்களுக்கு இன்னொன்று: மேல் கப்போர்டுக்கு நேர் கீழே வைத்து ஆவியைத் திறந்தால் பலகை ஊறி உப்பிவிடும். குக்கரை மேடையின் ஓரத்துக்கு இழுத்துக்கொள்ளுங்கள். 1000 வாட் குக்கர் நான்கு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மிக்சியும் கெட்டிலும் செருகியிருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இதையும் செருகாதீர்கள். ஜெனரேட்டர் ஓடும் நேரத்திலும் இதைப் போட வேண்டாம், உங்கள் வீட்டுக்கு ஒதுக்கிய லோடு தாண்டினால் ட்ரிப் ஆகிவிடும்.

பாப்பினின் கலத்துக்கு வருவோம். 1682 ஏப்ரலில் ராயல் சொசைட்டி உறுப்பினர்கள் சிலர் கூடி, மீன், இறைச்சி எல்லாமே இந்தக் கலங்களில் சமைத்த ஒரு விருந்து சாப்பிட்டார்கள். அதில் கலந்துகொண்ட ஜான் ஈவ்லின் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருப்பதால் நமக்கு மெனுவே தெரிகிறது. மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் பாலாடைக்கட்டி போல மெத்தென்று வெந்திருந்தனவாம். மீனை முள்ளோடு சாப்பிட்டார்களாம். புறாக்கறிதான் எல்லாவற்றிலும் பிரமாதமாம். செலவான கரி எட்டு அவுன்ஸுக்கும் குறைவு, நம் கணக்கில் கால் கிலோகூட இல்லை. வந்தவர்கள் வயிறாரச் சாப்பிட்டுப் பாராட்டினார்கள். ஆனால் ஏழைகளின் அடுப்புக்கு அந்தக் கலம் போய்ச் சேரவே இல்லை. விலையும் கனமும் அதிகம், செய்து தரும் கொல்லர்களும் குறைவு. வீட்டுப் பாத்திரமாக அது பரவ இருபதாம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது.

பாப்பினுக்கும் ஓரிடத்தில் நிலைக்கக் கொடுத்து வைக்கவில்லை. வெனிஸுக்குப் போய் அங்கே ஒரு அறிவியல் கழகத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தார். 1684-இல் ராயல் சொசைட்டியில் ஒரு தற்காலிகப் பணிக்காகத் திரும்பி வந்தார். அடுத்த ஆண்டே பதினான்காம் லூயி, புராட்டஸ்டன்ட்களுக்கு இருந்த நான்ட் அரசாணைப் பாதுகாப்பை ரத்து செய்தார். அதோடு சொந்த ஊருக்குத் திரும்பும் வழி அடைபட்டது. 1687-இல் ஜெர்மனியில் மார்பர்க் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் வேலை கிடைத்தது. 1691-இல் விதவையாக இருந்த தன் உறவுக்காரப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். பிறகு காசெல் நகரத்துச் சிற்றரசர் கார்லின் ஆதரவில் இருந்தார்.

மார்பர்க்கில் இருந்தபோதுதான், 1690-இல், அவருடைய இரண்டாவது பெரிய யோசனையை வெளியிட்டார். அதை உங்கள் சமையலறையிலேயே பார்க்கலாம். அடுப்பை அணைத்து வெயிட்டை எடுக்காமல் குக்கரை முழுக்க ஆறவிட்டால், சில நேரம் மூடி அசையாது. வெயிட்டைத் தூக்கியதும் உஸ் என்று காற்று உள்ளே போகும், மூடி விடுபடும். உள்ளே இருந்த ஆவி குளிர்ந்து தண்ணீராகி வெற்றிடம் உண்டாகியிருக்கிறது, வெளிக்காற்று மூடியை அமுக்கிப் பிடித்திருக்கிறது. பாப்பின் மூடிக்குப் பதில் ஒரு பிஸ்டனை வைத்தார். உருளையின் அடியில் கொஞ்சம் தண்ணீர். சூடாக்கினால் பிஸ்டன் மேலே போகும், ஆறவிட்டால் வெளிக்காற்று அதைக் கீழே தள்ளும். அந்த இறக்கத்தில் ஒரு கயிற்றைக் கட்டினால் எடையைத் தூக்கலாம். பிஸ்டன் வைத்த நீராவி இயந்திரத்தின் விதை அதுதான்.

1707-இல் லண்டனுக்கே திரும்பிவிட முடிவு செய்தார். தானே வடிவமைத்த துடுப்புச் சக்கரப் படகில் குடும்பத்தோடு காசெலிலிருந்து ஃபுல்டா ஆற்றில் கிளம்பினார். அது நீராவிப் படகு என்று இணையத்தில் பல இடங்களில் படிப்பீர்கள், அது கட்டுக்கதை. சக்கரத்தைக் கையால்தான் சுற்றினார்கள். ம்யூண்டன் என்ற ஊரில் ஆறு இன்னொரு ஆற்றோடு சேரும் இடத்தில், தங்கள் உரிமையை மீறிவிட்டதாகப் படகோட்டிகள் சங்கத்தினர் மறித்தார்கள். அனுமதிச் சீட்டுக்கு லைப்னிட்ஸ் மூலம் முன்பே முயன்றும் கிடைத்திருக்கவில்லை. படகைப் பிடுங்கி உடைத்துப் போட்டார்கள். அறுபது வயதில், ஆற்றங்கரையில், மனைவியோடும் குழந்தைகளோடும் நின்றார்.

எப்படியோ லண்டன் வந்து சேர்ந்தார். பாயில் இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ராயல் சொசைட்டிக்கு இப்போது தலைவர் ஐசக் நியூட்டன். பாப்பின் கட்டுரை மேல் கட்டுரையாகக் கொடுத்தார், சோதனைக்குக் கொஞ்சம் பணம் கேட்டார். கட்டுரைகளைக் கூட்டத்தில் வாசித்தார்கள், பணம் வரவில்லை. தன் நிலைமை பரிதாபமாக இருக்கிறது என்று 1712 ஜனவரியில் எழுதிய கடிதம்தான் நமக்குக் கிடைக்கும் கடைசிக் கடிதம். அதே ஆண்டு இங்கிலாந்தின் டட்லி அருகே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில், தாமஸ் நியூகோமன் அமைத்த இயந்திரம் பிஸ்டனை மேலும் கீழும் ஆட்டித் தண்ணீர் இறைக்கத் தொடங்கியது.

அதற்குப் பிறகு அவர் என்ன ஆனார் என்பதே மிக நீண்ட காலம் யாருக்கும் தெரியாமல் இருந்தது. லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் ஒரு தேவாலயப் பதிவேடு பின்னாளில் கவனத்துக்கு வந்தது. ஃப்ளீட் தெருவில் உள்ள செயின்ட் ப்ரைட்ஸ் தேவாலயத்தின் பதிவேடு அது. டெனிஸ் பாப்பின் என்ற பெயருடைய ஒருவரை 1713 ஆகஸ்ட் 26 அன்று அங்கே அடக்கம் செய்ததாக அதில் ஒரு வரி இருக்கிறது. அறுபத்தாறாவது பிறந்த நாள் முடிந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. சொந்த ஊர்ப்பக்கமான ப்ளுவாவில் இன்று ஒரு நீண்ட படிக்கட்டுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் உச்சியில் அவருக்கு ஒரு சிலையும் இருக்கிறது.