மரணத்துக்கு அஞ்சிய மார்ட்டின் லூதர்

1505-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி. ஜெர்மனியில் எர்பர்ட் நகரை நோக்கி ஒரு வாலிபர் வந்துகொண்டிருந்தார். வயது 21. சட்டம் படிக்கும் மாணவர்.

ஊரை நெருங்கும்போது வானம் இருண்டது. மழை கொட்டியது. அவருக்கு மிக அருகில் இடி விழுந்தது. வாலிபர் நடுங்கிப் போனார். மரியம்மாளின் தாயாரான புனித அன்னம்மாளைக் கூவி அழைத்தார். உயிர் பிழைத்தால் துறவி ஆகிவிடுவதாக நேர்ந்துகொண்டார்.

பிழைத்தார். இரண்டு வாரத்தில் மடத்தில் சேர்ந்துவிட்டார். மகன் வக்கீல் ஆவான் என்று காத்திருந்த தகப்பனாருக்குக் கோபம் தாங்கவில்லை.

அந்த வாலிபர்தான் மார்ட்டின் லூதர். (அமெரிக்காவில் கறுப்பு இன மக்களின் உரிமைக்குப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் வேறு. அவருடைய பெயரே இவரிடம் இருந்து வந்ததுதான்.)

என்ன பயம்?

சாவைக் கண்டு லூதர் ஏன் அப்படி நடுங்கினார்? செத்த பிறகு என்ன ஆகும் என்பதுதான் பயம்.

அந்தக் காலத்து ஐரோப்பியரின் நம்பிக்கை இது: உடலை விட்டுப் பிரிந்த ஆன்மா கடவுள் முன் நிற்கும். பெரும் பாவத்தோடு இறந்தவர்களுக்கு நரகம். அங்கிருந்து மீள முடியாது. முழுத் தூய்மை உள்ளவர்களுக்கு மோட்சம். பாவம் மன்னிக்கப்பட்டும், அதற்குரிய தண்டனையைத் தீர்க்காமல் இறந்தவர்கள் உத்தரிக்கிற ஸ்தலத்துக்குப் போவார்கள். வேதனைப்பட்டுச் சுத்தமாகி, பிறகு மோட்சம் சேர்வார்கள். பூமியில் உள்ள உறவினர் பூசை வைத்தால், ஜெபம் செய்தால், அந்த வேதனை குறையும்.

லூதர் இதை அப்படியே நம்பினார். மடத்தில் பட்டினி கிடந்தார். குளிரில் வாடினார். மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்தார். மனம் ஆறவில்லை.

1510-ம் ஆண்டு வாக்கில் மடத்து வேலையாக ரோமாபுரிக்குப் போனார். அங்கே 28 படிகள் கொண்ட புனிதப் படிக்கட்டு ஒன்று உண்டு. அதில் முழங்காலால் ஏறி ஜெபித்தால் ஓர் ஆன்மாவை மீட்கலாம் என்றார்கள். லூதர் தம் பாட்டனாருக்காக ஏறினார். தாயும் தந்தையும் உயிரோடு இருக்கிறார்களே, இல்லாவிட்டால் அவர்களையும் மீட்டிருக்கலாமே என்று வருத்தப்பட்டாராம்! படி உச்சியை அடைந்தபோது ஒரு சந்தேகம் எழுந்தது. இது உண்மைதானா?

சீட்டு வியாபாரம்

1517-ல் டெட்சல் என்ற துறவி ஊர் ஊராக வந்தார். அவர் கையில் பலன் சீட்டுகள். காசு கொடுத்து வாங்கினால் வாங்கியவரின் தண்டனை குறையும். செத்துப்போன தாய் தகப்பனுக்காகவும் வாங்கலாம். ரோமாபுரியில் புனித பேதுரு ஆலயம் கட்டப் பணம் தேவை என்றார்கள். ஆனால் வசூலில் பாதி, மைன்ஸ் நகரத்து ஆர்ச் பிஷப் ஆல்பிரெக்ட் வாங்கிய கடனுக்குப் போயிற்று. கடன் கொடுத்தவர்கள் பூகர் குடும்பத்துப் பணக்காரர்கள்.

செத்துப்போன அம்மா நெருப்பில் தவிக்கிறாள் என்று கேட்டால் எந்த ஏழைதான் காசை முடிந்து வைத்துக்கொள்வான்?

லூதர் அப்போது விட்டன்பர்க் நகரில் பேராசிரியர். குருவும்கூட. அவருடைய மக்கள் எல்லை தாண்டிப் போய்ச் சீட்டு வாங்கி வந்தார்கள். லூதர் கொதித்தார். 95 கேள்விகளும் கருத்துக்களும் எழுதி, அக்டோபர் 31-ந் தேதி ஆர்ச் பிஷப்புக்கு அனுப்பினார். கோட்டை ஆலயத்தின் கதவில் அதை அடித்து வைத்தார் என்றும் வழிவழியாகச் சொல்வார்கள். அதில் ஒரு கேள்வி சுருக்கென்று தைத்தது. ஆன்மாக்களை விடுவிக்கும் அதிகாரம் போப்பாண்டவருக்கு இருந்தால், காசுக்காக இல்லாமல் அன்புக்காகவே எல்லோரையும் விடுவிக்கக் கூடாதா?

பிறகு நடந்தது உலகம் அறிந்த கதை. 1521-ல் திருச்சபை அவரை விலக்கியது. கிறிஸ்தவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள்.

உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு என்பதைத் தொடக்கத்தில் லூதர் மறுக்கவில்லை. 1530-ல்தான் அடியோடு மறுத்து எழுதினார். மோட்சம் காசுக்கும் கிடைக்காது, பட்டினிக்கும் கிடைக்காது, கடவுள் இலவசமாகத் தருவது என்றார். மரணத்தை அவர் பெரும்பாலும் தூக்கம் என்றே வர்ணித்தார். கிறிஸ்து வந்து எழுப்பும்வரை இறந்தவர் தூங்குகிறார். ஆயிரம் ஆண்டானாலும் அவருக்கு அது ஒரு நொடிதான்.

கத்தோலிக்க சபை தன் நம்பிக்கையை விடவில்லை. ஆனால் 1567-ல் ஐந்தாம் பயஸ் போப்பாண்டவர், காசுக்குப் பலன் வழங்குவதை ரத்து செய்தார். நவம்பர் 2-ந் தேதி கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றி இறந்தவர்களுக்காகக் கத்தோலிக்கர் ஜெபிப்பது இன்றும் நடக்கிறது. அதற்குச் சீட்டும் இல்லை, விலையும் இல்லை.

மகள்

லூதர் 1525-ல் கத்தரீனா என்ற முன்னாள் கன்னியாஸ்திரீயை மணந்தார். ஆறு குழந்தைகள். எலிசபெத் என்ற பெண் குழந்தை ஒரு வயது நிரம்பும் முன்பே இறந்தது. அடுத்துப் பிறந்தவள் மக்தலேனா. தகப்பனாருக்குச் செல்லம்.

1542-ல் அவளுக்குக் கடும் காய்ச்சல் கண்டது. வெளியூரில் படித்த அண்ணன் ஹான்ஸைப் பார்க்க ஆசைப்பட்டாள். வண்டி அனுப்பி வரவழைத்தார்கள்.

லூதர் படுக்கை அருகில் மண்டியிட்டு அழுதார். இங்கே இந்த அப்பாவிடம் இருக்க ஆசையா, அங்கே உள்ள அப்பாவிடம் போகவும் சம்மதமா என்று கேட்டார். கடவுள் சித்தம் எப்படியோ அப்படியே என்றாள் மகள். செப்டம்பர் 20-ந் தேதி தகப்பனாரின் கையிலேயே உயிர் பிரிந்தது. வயது 13. தாயார் துக்கம் தாங்காமல் சற்றுத் தள்ளியே நின்றார்.

மகள் நல்ல இடத்துக்குப் போய்விட்டாள் என்பதில் லூதருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கண்ணீர் நிற்கவில்லை. கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டிய நேரம், ஆனால் எங்களால் விம்மாமல் இருக்க முடியவில்லையே என்ற கருத்தில் நண்பருக்குக் கடிதம் எழுதினார். ஊருக்கே ஆறுதல் போதித்தவர் அவர்.

மூன்று ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. ஒரு தகராறைத் தீர்த்துவைக்க, தாம் பிறந்த ஐஸ்லேபன் ஊருக்குப் போனார் லூதர். அங்கே நெஞ்சு வலி வந்தது. 1546 பிப்ரவரி 18-ந் தேதி அதிகாலை. நண்பர்கள் அவர் காதருகே குனிந்தார்கள். போதித்ததை எல்லாம் நம்பியே சாகிறீர்களா என்று உரக்கக் கேட்டார்கள். அவர் கலங்கிச் செத்தார் என்று எதிரிகள் கதை கட்டுவார்கள் என்ற கவலை அவர்களுக்கு. லூதர் ஆம் என்றார். பிறகு பேசவில்லை.

உடலை விட்டன்பர்க் நகருக்குக் கொண்டுவந்து, கோட்டை ஆலயத்தில் பிரசங்க மேடைக்கு அருகில் அடக்கம் செய்தார்கள்.