தந்திக் கம்பி நட்ட மருத்துவர்

குந்தாரப்பள்ளிச் சாலையோரக் கம்பிகளில் குரங்குகள் ஆடக் கண்டு நாம் சிரிக்கிறோம். வில்லியம் ஓஷானசிக்கோ அது பெருங்கவலை! 1809-இல் அயர்லாந்தில் பிறந்த இம்மருத்துவர், 1833-இல் கல்கத்தா வந்து, மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்தார். 1839-இலேயே மூங்கில்களில் கம்பி கட்டி, மின்சாரத்தால் செய்தி அனுப்பிக் காட்டினார். அரசு அசையவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் வீணே கழிந்தன. 1851-இல்தான் கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பருக்குத் தந்தி ஓடியது. மெல்லிய கம்பி நம் நாட்டுக் குரங்கையும் பருந்தையும் தாங்காதென்று, தடித்த இரும்புக் கோல்களையே கம்பியாக இழுத்தார். அவர் பயிற்றுவித்த வங்காளி சிவசந்திர நந்தி, பத்மா ஆற்றில் மீனவர் படகுகளைக் கொண்டே வடம் இறக்கினார். (இவர் பெயர் நம் பாடநூல்களில் இல்லையே!) 1855-இல் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை நான்கும் தந்தியால் இணைந்தன. ஓஷானசி 1889-இல் இங்கிலாந்தில் காலமானார்.