எல்லைகளை வகுத்த அறிஞர் கே.எம். பணிக்கர்

புது தில்லி: மொழி அடிப்படையில் இந்திய மாநிலங்களின் எல்லைகளைத் திருத்தி அமைக்கப் பரிந்துரைத்த மூவருள் ஒருவர் சர்தார் கே.எம். பணிக்கர். பேராசிரியர், பத்திரிகை ஆசிரியர், திவான், தூதர், துணைவேந்தர் எனப் பல பொறுப்புகளை வகித்த அவரைத் தமிழகம் தேவிகுளம், பீர்மேடு தொடர்பாகவே பெரிதும் நினைவில் வைத்துள்ளது.

திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் காவாலம் கிராமத்தில் 1895-ல் பிறந்தார் பணிக்கர். சென்னையிலும் ஆக்ஸ்போர்டிலும் பயின்று, அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தார். ஹிந்துஸ்தான் டைம்ஸ் நாளேட்டின் முதல் ஆசிரியராகவும் இருந்தார். பின்னர் பாட்டியாலா, பிகானீர் சமஸ்தானங்களில் உயர்பதவி வகித்தார். 1947 ஏப்ரலில் அரசியல் நிர்ணய சபையில் முதலில் சேர்ந்த சமஸ்தானங்களுள் பிகானீரும் ஒன்று. அதன் பிரதிநிதி பணிக்கரே.

1948-ல் சீனாவுக்குத் தூதராகச் சென்றார். ஆட்சி கம்யூனிஸ்டுகள் வசமான பின்னரும் 1952 வரை அங்கு பணியாற்றினார். அமெரிக்கப் படைகள் கொரியாவின் 38-வது அட்சரேகையைத் தாண்டினால் சீனா போரில் இறங்கும் என்று பிரதமர் சூ என்லாய் 1950 அக்டோபர் 2 நள்ளிரவில் அவரை அழைத்து எச்சரித்தார். அத்தகவலை வாஷிங்டன் அலட்சியம் செய்தது. சில வாரங்களில் சீனப் படைகள் களமிறங்கின. ஆனால் திபெத் விஷயத்தில் சீனாவின் நோக்கத்தை அவர் சரியாகக் கணிக்கவில்லை என்ற விமர்சனமும் உண்டு. அந்த ஆண்டு நவம்பரில் நேருவுக்கு எழுதிய கடிதத்தில் சர்தார் படேல் அவரைக் குறை கூறியிருந்தார்.

பசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையத்தில் எச்.என். குன்ஸ்ருவுடன் பணிக்கரும் உறுப்பினரானார். 1955-ல் அளித்த அறிக்கையில், கன்னியாகுமரிப் பகுதியின் நான்கு வட்டங்களையும் செங்கோட்டையையும் சென்னை மாநிலத்துடன் இணைக்க ஆணையம் பரிந்துரைத்தது. தமிழர் மிகுதியாக வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு கேரளத்துக்கு ஒதுக்கப்பட்டன. மலையாளி ஒருவர் ஆணையத்தில் இருந்ததே இதற்குக் காரணம் என்ற மனக்குறை தமிழகத்தில் எழுந்தது. எனினும் அப்பரிந்துரை மூவரும் சேர்ந்து அளித்ததாகும்.

உத்தரப் பிரதேசத்தைப் பிரிக்காவிட்டால் கூட்டாட்சியில் சமநிலை குலையும் என்று பணிக்கர் மட்டும் தனிக்குறிப்பு எழுதினார். அது ஏற்கப்படவில்லை.

பிரான்ஸ் தூதர், மாநிலங்களவை நியமன உறுப்பினர் பதவிகளுக்குப் பின் காஷ்மீரிலும் மைசூரிலும் துணைவேந்தராக இருந்தார். மைசூரில் பதவியில் இருந்தபோதே 1963 டிசம்பர் 10-ல் காலமானார்.

அவர் ஆதரித்த பிரிவினையை, மாநிலத்தை நான்காகப் பிரிக்கக் கோரும் தீர்மானமாக உத்தரப் பிரதேச சட்டப்பேரவையே 2011-ல் நிறைவேற்றியது. அதுவும் செயலுக்கு வரவில்லை.