ஜி.டி.நாயுடுவும் என் வால்வு ஆம்ப்ளிபயரும்

பிரித்துப் பார்க்காமல் தொழில் வராது. 1893ல் கோவை அருகே கலங்கலில் பிறந்த ஜி.டி.நாயுடு, ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து மோட்டார் சைக்கிள் வாங்கினார். அதைக் கழற்றி மாட்டியே மெக்கானிக் ஆனார். 1941ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தரமுடியும் என அறிவித்தார். 1945ல் கோவையில் பாலிடெக்னிக் அமையப் பாடுபட்டார். 1974ல் மறைந்தார்.

அவரை நினைச்சுத்தான் தஞ்சாவூரில் தாத்தாவின் மைக்செட் வால்வு ஆம்ப்ளிபயரைத் திறந்தேன். ஒரே உறுமல். பிளக்கைத்தான் பிடுங்கியாச்சே என்று கைவைத்தேன். ஃபில்டர் கண்டன்சரில் தேங்கியிருந்த 300 வோல்ட் தூக்கியடித்தது! பிழைத்தது தாத்தா புண்ணியம்.

மறுநாள் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் வயரில் இணைத்து டிஸ்சார்ஜ் செய்தேன். மீட்டரில் ஜீரோ பார்த்த பிறகே கண்டன்சரை மாற்றினேன். உறுமல் நின்றது. நாயுடு போலத் துணிந்து பிரிப்போம். ஆனா முதல்ல மீட்டர், அப்புறம்தான் கை!