படம் வரைந்த பையன்

அறிவியல்ல நாம வரையுற நியூரான் படத்துக்குப் பின்னால ஒரு கதை இருக்கு.

சந்தியாகோ ரமோன் இ கஹால் 1852 மே 1-ஆம் தேதி ஸ்பெயின் நாட்டில் பிறந்தார். சின்ன வயசுல எப்பப் பார்த்தாலும் படம்தான். மருத்துவரான அப்பாவுக்கு அது பிடிக்கவே இல்லை. படிப்புல கவனம் இல்லைன்னு முடிவெட்டுற கடையிலயும் செருப்புத் தைக்கிற இடத்துலயும் வேலைக்கு விட்டார். 1868-ல் அதே அப்பா இடுகாட்டுக்குக் கூட்டிப் போய் எலும்புகளைக் காட்டிப் பாடம் சொன்னார். அவற்றை வரைந்து வரைந்தே பையனுக்கு மருத்துவத்தில் ஆசை வந்தது. 1873-ல் டாக்டர் ஆனார்.

அதே வருஷம் இத்தாலியில் கோல்கை என்பவர் வெள்ளி உப்பால் நரம்பு செல்லைக் கறுப்பாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். நம்ம பாடத்துல வர்ற கோல்கை உறுப்பு இவர் பேர்ல வந்ததுதான். ஆனால் நரம்பெல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கிற ஒரே வலைன்னு அவர் நினைத்தார்.

கஹால் 1887-ல் அந்த முறையைப் பார்த்தார். பறவைகளின் மூளையில் செய்து பார்த்து, கண்ணில் பட்டதை வரைந்தார். ஒவ்வொரு செல்லும் தனித்தனி என்று 1888-ல் எழுதினார். அதாவது, நம்ம ஊர்த் தேர் வடம் மாதிரி ஒரே கயிறு இல்லை. வரிசையா நின்னு தண்ணிக் குடத்தைக் கைமாத்துற மாதிரி. ஒரு செல்லின் ஆக்சான் செய்தியை அடுத்த செல்லின் டெண்ட்ரைட்டுக்குத் தருது. அந்த இடத்துக்குப் பேர் சினாப்ஸ்.

யாரும் கண்டுக்கலை. 1889-ல் சொந்தச் செலவில் பெர்லின் போய் மைக்ராஸ்கோப்பில் காட்டினார். பெரிய விஞ்ஞானிகள் அசந்துட்டாங்க. 1906-ல் கோல்கைக்கும் இவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு கிடைத்தது. அப்பவும் கோல்கை ஒத்துக்கலை.

நியூரானுக்குத் துணையா கிளியா செல்கள் இருக்கு. கிரிவலம் போறவங்களுக்கு மோர் தர்றவங்க மாதிரி இவை நியூரானுக்கு உணவு தருது, மயலின் உறை சுத்துது. 1913-ல் தங்க உப்பால் நட்சத்திர வடிவக் கிளியாவைத் தெளிவாகக் காட்டியதும் கஹால்தான். மற்ற வகைகளை அவர் மாணவர் ஹோர்தேகா பிரித்துக் காட்டினார்.

1934-ல் கஹால் இறந்தார். சினாப்ஸில் உள்ள நுண்ணிய இடைவெளி 1950-களில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில்தான் தெரிந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. ஆனா அவர் சொன்னது சரியா இருந்தது!

அதனால டீச்சர், நோட்டுக் கடைசிப் பக்கத்துல படம் போடுறவங்களை ரொம்பத் திட்டாதீங்க!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி